பெண்கள் பக்கம் ஒளிந்தவள்

எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் நாடகம் ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிந்தாக வேண்டும். போலீஸ் கொடுக்கிற அனுமதி அவ்வளவுதான். ஏழு மணிக்குப் பந்தலில் இருக்கிற கூட்டமோ நாடகம் பார்க்க வந்த கூட்டம் மாதிரியே இருக்காது. ஒருத்தன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான். பெண்கள் பாதிப் பேர் வளையல் கடையில் நிற்பார்கள். மீதிப் பேர் யார் வீட்டு மருமகள் யாரோடு பேசவில்லை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கூட்டத்தை உட்கார வைத்து, போனைச் சட்டைப்பைக்குள் போட வைத்து, கடைசியில் மூக்கைச் சிந்த வைத்து வீட்டுக்கு அனுப்புகிற வித்தை எங்கள் வட்டாரத்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் கைவந்திருந்தது. அவர் தங்கச்சாமி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர்.

நான் மாரிசாமி. அவர் தெருக்காரன். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறேன். தங்கச்சாமி எழுதுகிற நாடகத்தில் கதாநாயகியின் அண்ணன் வேஷம் எல்லா வருஷமும் எனக்குத்தான். "உனக்கு மேக்கப்பே வேண்டாம்லே, வீட்டுல இருந்து அப்படியே வா" என்பார். அந்த மனுஷனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போது ஊரைத் திட்ட வேண்டிவரும். திட்டத்தான் செய்வேன்.

தங்கச்சாமியின் அப்பா மேலத்தெருக்காரர்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மழை பொய்த்து, ஏர் போய், கீழத்தெரு மொத்தமும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போக ஆரம்பித்தபோது தங்கச்சாமியும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேனில் ஏறியவர்தான். நாடகம் எழுதுகிறவர் என்றால் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். கை பாட்டுக்குச் சரம் பின்னும், வாய் வசனத்தை முணுமுணுக்கும். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அந்த அறையில் வேலை செய்கிற பெண்களுக்கு அவர் வாயை விட்டால் வேறு பொழுதுபோக்கு கிடையாது. எந்த வசனத்துக்கு அவர்கள் கை நிற்கிறதோ அந்த வசனம் நாடகத்தில் இருக்கும். கை நிற்காத வசனத்தை அன்றைக்கே மறந்துவிடுவார். எல்லாம் கூடிவந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பேன்.

அவர் எழுதியதெல்லாம் காதல் கதைதான். அதுவும் காதலர்கள் செத்துப்போகிற கதை. ஒரு வருஷம் விஷம் குடிப்பார்கள், ஒரு வருஷம் கண்மாயில் விழுவார்கள், பெரும்பாலும் அண்ணன்காரனாகிய நான் வெட்டிப்போடுவேன். ஆனால் காதலர்கள் காதலிக்கிறதை அவர் முதல் காட்சியில் காட்டவே மாட்டார்.

"ரெண்டு பேரும் கொஞ்சிக்கிட்டு நிக்கிறதப் பாத்தா எவனுக்குலே இரக்கம் வரும்? வயித்தெரிச்சல்தான் வரும்" என்பார். "சனம் முதல்ல அந்தப் பிள்ளைகளுக்காக ஏதாச்சும் ஒண்ணு செய்யணும். பாத்துக்கிட்டு இருந்தா மட்டும் பத்தாது."

அவர் செய்கிற காரியம் இதுதான். படுதா தூக்கியதும் மேடையில் யாரும் இருக்க மாட்டார்கள். கதாநாயகி மூச்சு வாங்க ஓடி வருவாள். அருப்புக்கோட்டையிலிருந்து வருகிற இசைவாணி என்ற பெண்தான் அந்த வேஷம். ஓடி வந்தவள் மேடையில் நிற்காமல் கீழே குதித்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் போய்விடுவாள். "எங்கண்ணன் வாரான்க்கா. என்னைய மறைச்சுக்கிடுங்க. சொல்லிராதீக" என்று எவளாவது ஒருத்தி மடியில் போய் விழுவாள். மைக் கிடையாது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி நிஜமாகச் சொல்லுவாள். அந்த ஒருத்தி ஒரு நிமிஷம் திகைப்பாள். பிறகு கை தானாக முந்தானையை எடுத்து அவள் மேல் போர்த்திவிடும். அதற்குப் பிறகுதான் நான் அருவாளோடு வருவேன். பந்தலுக்குள் இறங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "இந்தப் பக்கம் ஒருத்தி வந்தாளா?" என்று கேட்பேன்.

எத்தனையோ ஊரில் கேட்டிருக்கிறேன். ஒரு ஊரிலும் ஒருத்தரும் காட்டிக்கொடுத்ததில்லை. சின்னப் பிள்ளைகள்கூட வாயைப் பொத்திக்கொள்ளும். சில கிழவிகள் என்னைத் தப்பான பக்கம் போகச் சொல்லிக் கை காட்டுவார்கள். நான் போன பிறகு இசைவாணி எழுந்து, மறைத்தவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேடைக்குப் போவாள். அவ்வளவுதான், வளையல் கடையில் ஒருத்தி நிற்க மாட்டாள். "ஒருத்திக்காகப் பொய் சொல்லிட்டாள்னா அவ நம்ம பிள்ளை ஆயிருதாள்லே மாரி. பிள்ளைய விட்டுட்டு எவ எந்திரிச்சுப் போவா?" என்பார் தங்கச்சாமி.

இந்த யோசனை அவருக்கு வானத்திலிருந்து விழவில்லை. வாலிபத்தில் அவரும் சின்னத்தாயும் ஒரே கம்பெனி, ஒரே வேன். இரண்டு குடும்பத்துக்கும் ஒரு வாய்க்கால் தகராறு. சின்னத்தாயின் அண்ணன் ஒரு நாள் கம்பு எடுத்துக்கொண்டு வேனை மறித்திருக்கிறார். வேனில் இருந்த பெண்கள் சின்னத்தாயைக் காலடியில் படுக்க வைத்து மேலே தூக்குவாளிப் பைகளைப் போட்டு மூடிவிட்டு, "அவ இன்னைக்கு வேலைக்கே வரலையே" என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் இருவரும் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அண்ணன்காரர் ஒரு வருஷம் முறைத்தார். பிறகு பிள்ளைப் பேறு பார்க்கச் சீரோடு வந்தார். ஒரே தெரு, ஒரே சனம், கோபம் எவ்வளவு தூரம் போகும்? அந்த அண்ணனின் மகன் பிரபாகரன்தான் இப்போது கம்பெனி வேன் ஓட்டுகிறவன், தங்கச்சாமி நாடகத்தில் கதாநாயகனும் அவனே. பையன் பார்க்க லட்சணமாக இருப்பான். வசனம் மட்டும் மறந்துவிடும். மறந்த இடத்தில் சிரிப்பான், சனம் அதையும் ரசிக்கும்.

ஆக, நாடகத்தின் முன்பாதி தங்கச்சாமியின் சொந்த வாழ்க்கை. சாவு மட்டும் அவராகச் சேர்த்துக்கொண்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் காட்சி எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றது. மேலத்தெருக் கண்ணுச்சாமியின் மகள் பாண்டிலட்சுமி. அவர்கள் நிலத்தில்தான் தங்கச்சாமியின் அப்பா ஏர் ஓட்டினார். அந்தப் பெண் சிவகாசியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தது. மேலத்தெருப் பெண் கீழத்தெரு வீட்டு வாசலில் நிற்பதே எங்களுக்கு அதிசயம். அது உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, "அண்ணாச்சி" என்று தங்கச்சாமியைக் கூப்பிட்டதில் அவர் பதறி எழுந்தே விட்டார். அவரைவிட மூத்தவரையும் அந்தத் தெருவில் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"இந்த வருசம் அந்தப் பிள்ளைகளச் சாகடிக்காதீக அண்ணாச்சி" என்றது.

"ஏந்தாயி?"

"முதல் காட்சியில நாங்க எல்லாரும் அவுக பக்கம் நிக்கோம். கடைசியில நீங்க கொன்னுருதீக. அழுது முடிச்சுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருதோம். செத்தவங்களுக்காக அழுறது லேசு. அவுக உசுரோட ஊருக்குள்ள வந்து நின்னா எங்க வீட்டாளுக மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் பாக்கணும். முக்கியமா எங்கம்மா அதைப் பாக்கணும்."

தங்கச்சாமி திரும்பப் பாயில் உட்கார்ந்தார். "யாரு தாயி பையன்?" என்று கேட்டார்.

"பிரபாகரன்."

அடுப்படியில் சின்னத்தாய் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த மடையனுக்குத் தெருவில் வேறு பெண்ணே கிடைக்கவில்லையா என்று கத்தினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தது. "நீங்க நாடகத்துலயும் அண்ணன், இங்கனயும் அண்ணனா?" என்றது.

"வேண்டாம் தாயி. எங்க கதை வேற. நாங்க ஒரே தெரு" என்று சின்னத்தாய் வந்து கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினாள். தங்கச்சாமி, "முடிவ மாத்துனா நாடகம் விழுந்துரும்" என்றார். உயிர் போகிற விஷயத்தில் இந்த மனுஷனுக்கு நாடகம் விழுவதுதான் கவலை என்று அப்போது நினைத்தேன். அவருக்கு வேறு எந்தப் பேச்சும் வரவில்லை என்பது இப்போது புரிகிறது.

"விழட்டும் அண்ணாச்சி" என்றது பாண்டிலட்சுமி. "எங்கம்மா நல்லவ. எங்கப்பாவும் சிவபாண்டி அண்ணனும் என்ன சொன்னாலும் அவ ஒருத்தி என் பக்கம் நின்னா எனக்குப் போதும். அவகிட்ட நேராச் சொல்லத் தைரியம் இல்ல. நீங்க சொல்லுங்க. உங்க நாடகத்த மட்டும்தான் அவ உக்காந்து பாப்பா."

அது போன பிறகு பிரபாகரனைக் கூப்பிட்டுத் திட்டினோம், கெஞ்சினோம், அவன் அப்பாவைக் கொண்டு அடிக்கவும் வைத்தோம். வசனம் மறந்த மாதிரி சிரித்துக்கொண்டே நின்றான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் தங்கச்சாமி என்னை வரச் சொல்லி, முடிவை மாற்றி எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இன்னொரு மாற்றமும் செய்தார். வழக்கமாக இசைவாணி கீழத்தெருப் பெண்கள் பக்கம்தான் ஒளிவாள். மேலத்தெருப் பெண்கள் தண்ணீர்த் தொட்டியை ஒட்டித் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருஷம் அந்தப் பக்கம் ஓடச் சொன்னார். கண்ணுச்சாமியின் மனைவி பஞ்சம்மாள் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று இசைவாணிக்குப் படுதா இடுக்கு வழியாகக் காட்டியும் கொடுத்தார்.

பங்குனிப் பொங்கலன்று இசைவாணி சொன்னபடியே ஓடினாள். பஞ்சம்மாள் காலடியில் போய் விழுந்தாள். பந்தல் மொத்தமும் மூச்சை நிறுத்திக்கொண்டது, நாடகத்துக்கு வந்தால் கீழத்தெருவில் சாப்பிட்டுத் தூங்கி எழுகிற ஒருத்தியை அந்த அம்மா தொடுவாரா என்று. தொடுவதென்ன, இழுத்து மடியில் போட்டு முந்தானையால் மூடினார். அருவாளோடு போய் அவர் முன்னால் நின்றேன். அந்த வீட்டு அம்மாவிடம் அருவாளைக் காட்டி நிற்கிறோமே என்று அதைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன். "இந்தப் பக்கம் ஒருத்தி வந்தாளா?" என்று கேட்டேன்.

"இங்கன ஒருத்தியும் வரல. போப்பா அந்தப் பக்கம்" என்றார். கண்ணை இமைக்கவில்லை. முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்த கையை நான் பார்த்தேன். நாடகம் என்று நினைத்துச் செய்த காரியமாக எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் காட்சியில் அண்ணன் வீடு தேடி வருகிறான். கதவைத் தட்டுகிறான். தங்கச்சி கதவைத் திறந்து, அருவாளைப் பார்த்த பிறகும், "வெயில்ல வந்திருக்க, தண்ணி குடி" என்று செம்பை நீட்டுகிறாள். அவன் நிற்கிறான், நிற்கிறான், கடைசியில் தரையில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துவிடுகிறான். அவ்வளவுதான். இருவரும் கை கோத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிப் பந்தலுக்கு நடுவே நடந்து போக வேண்டும். போனார்கள். ஒருத்தரும் அழவில்லை. ஒருத்தரும் கை தட்டவில்லை. மேலத்தெரு இளவட்டங்கள் பக்கமிருந்து ஒரு விசில் வந்தது, நல்ல விசில் இல்லை. விழாக் கமிட்டித் தலைவர் ஊர்க்காவலன் மேடைக்குப் பின்னால் வந்து, "என்னய்யா இது, ஒரு பொட்டுக் கண்ணீர் வரலையே" என்று சண்டைக்கு நின்றார். பிணம் இருந்தால்தான் இவர்களுக்கு மனசு இளகும். அந்த இரவு இந்த ஊரை நான் வெறுத்த மாதிரி என்றைக்கும் வெறுத்ததில்லை.

மறுநாள் காலை வேனுக்கு நிற்கிற இடத்தில் பாண்டிலட்சுமி பஸ்ஸுக்கு வந்தது. ஆள் இருக்கிறதைப் பற்றிக் கவலைப்படாமல் தங்கச்சாமியிடம் நேராக வந்து, "எங்கம்மா மறைச்சதப் பாத்தீகளா அண்ணாச்சி? நான் என் கண்ணால பாத்தேன்" என்றது. அதன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் எழுத முடியாது. தங்கச்சாமிக்கும் கண் நிறைந்துவிட்டது. "நாடகம் விழுந்தா விழட்டும்லே மாரி, பாக்க வேண்டியவுக பாத்துட்டாக" என்று என்னிடம் சொன்னார்.

சித்திரை முடிவதற்குள் அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசிவிட்டார்கள். பரீட்சை எழுதப் போன நாளில் அது பிரபாகரனோடு போய்விட்டது. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, சூலக்கரையில் அவன் சிநேகிதன் ஒருத்தன் எடுத்திருந்த அறையில் தங்கினார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுப்பதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரபாகரன் தங்கச்சாமிக்குப் போன் செய்தான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மாமா, லெச்சுமி அவுக அம்மாகிட்டப் பேசிட்டா. ரொம்ப அழுதாக. எங்கன இருக்கன்னு கேட்டாக, சொல்லிட்டா. நல்லா இருங்கன்னு சொன்னாகளாம் மாமா."

"எதுக்குலே சொன்னீக?" என்று நான் கத்தினேன். தங்கச்சாமி போனை என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டார். "அந்தம்மா சொல்ல மாட்டாக மாரி. நம்ம கண்ணாலதான பாத்தோம்" என்றார்.

திங்கட்கிழமை அவர்கள் மனுக் கொடுக்கவில்லை. விடிகிற நேரத்தில் அந்த அறைக்கே ஆள் வந்துவிட்டது. பிரபாகரனை வாசலிலேயே வெட்டினார்கள். குறுக்கே விழுந்த பாண்டிலட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்துபோனது. மத்தியானம் அதன் அண்ணன் சிவபாண்டி தானே போய்ப் போலீஸில் நின்றான். இப்போது ஜெயிலில் இருக்கிறான். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு மனசு இல்லை. பிரபாகரனை அவன் அப்பா தூக்கிக்கொண்டு கீழத்தெருவுக்குள் வந்தபோது சின்னத்தாய் போட்ட சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது.

தங்கச்சாமி பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனார். தீபாவளி ஆர்டருக்குச் சரக்கு சேர்க்கத் தொடங்கியிருந்த சமயம், அந்த அறையில் எல்லோர் கையும் ஓடும். அவர் வாய் மட்டும் ஓடவில்லை. பெண்களும் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார். "அந்தம்மா மறைச்சது நாடகத்துக்கு. பிள்ளை அத நெசம்னு நம்பிருச்சு. நம்ப வச்சது நான்தாம்லே" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்லி என்ன, அவர் அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாசியில் ஊர்க்காவலன் ஆட்களோடு வந்தார். அந்தப் பிள்ளைகள் கதையையே இந்த வருஷம் போட வேண்டுமாம். பேரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமாம். "ஊரே அழுதுரும் தங்கச்சாமி. கல்லுகூட அழும்" என்றார். நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். தங்கச்சாமி அவர்களைத் தடுக்கவும் இல்லை, வழியனுப்பவும் இல்லை.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. பஞ்சம்மாள் நின்றிருந்தார். தனியாக, அந்த மத்தியான வெயிலில், மேலத்தெருவிலிருந்து நடந்து வந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

சின்னத்தாய் எழுந்தாள். தன் அண்ணன் மகனைக் கொன்றவனைப் பெற்றவர் வாசலில் நிற்கிறார், என்ன செய்யப்போகிறாளோ என்று நானும் எழுந்தேன். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். பஞ்சம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

"ஏப்பா தங்கச்சாமி, எம்மக இங்கன வந்துச்சாமே. அதுகூடப் படிச்ச பிள்ளை சொல்லுச்சு. உங்கிட்ட என்ன கேட்டுச்சு?"

"நாடகத்துல முடிவ மாத்தச் சொன்னாகம்மா" என்றார் தங்கச்சாமி. " அந்த ரெண்டு பேரையும் சாகடிக்க வேண்டாம்னு. நீங்க அதைப் பாக்கணும்னு ஆசைப்பட்டாக."

"மாத்துனியா?"

"மாத்துனேன். நீங்கதான் பாத்தீகளேம்மா."

"நான் எங்க பாத்தேன்" என்றார் பஞ்சம்மாள். "வருசா வருசம் கடைசிச் சீனுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயிருவேன்ப்பா. எப்படியும் அதுக ரெண்டும் சாகத்தான போகுது, காணச் சகிக்காது. அன்னைக்கு அந்தப் புள்ள என் மடியில வேற கெடந்துட்டுப் போனா. அவள வெட்டுறத நான் எப்படிப் பாப்பேன்? வீட்டுல போயிக் கதவச் சாத்திக்கிட்டு அழுதுட்டுப் படுத்துட்டேன்."

தங்கச்சாமி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பந்தல் மொத்தமும் வேண்டாத அந்த முடிவை ஒரே ஒருத்தருக்காக எழுதினோம். அவர் அதைப் பார்க்கவே இல்லை. எப்போதும் சிநேகிதிகளோடு தள்ளி உட்காருகிற அந்தப் பெண் அது தெரியாமல்தான் போன் செய்திருக்கிறது.

"பொழைச்சுக்கிட்டாகளாப்பா?"

"பொழைச்சுக்கிட்டாகம்மா" என்றார் தங்கச்சாமி. பிறகு கடைசிக் காட்சியை உட்கார்ந்தபடியே சொன்னார். கதவு தட்டியதை, செம்பை நீட்டியதை, அண்ணன் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததை, இருவரும் கை கோத்து இறங்கிப் போனதை. நடிக்கவில்லை, குரலை ஏற்றவில்லை. பஞ்சம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"உன் நாடகத்துல அருவாளக் கொண்டு வந்து கேட்டான். பொய் சொல்ல முடிஞ்சுச்சு" என்றார் என் பக்கம் திரும்பாமலே. "எம்மவன் அப்படியா வந்தான்? வெறுங்கையோட வந்து என் மடியில தலைய வச்சுக்கிட்டு அழுதான். தங்கச்சியப் பாக்கணும்போல இருக்கும்மா, கூட்டியாந்துருதேன், கல்யாணத்த நாமளே செஞ்சு வைப்போம்னான். அவனும் நான் பெத்த பிள்ளைதானப்பா. நான் என்னத்தக் கண்டேன்?"

சுவரைப் பார்த்து நின்ற சின்னத்தாயின் தோள் குலுங்கியது. பஞ்சம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ மறந்துபோனதைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அவ அம்மா என்ன செஞ்சா?"

"யாரும்மா?"

"நாடகத்துல. அந்தப் புள்ளையோட அம்மா. மகன் வந்து கேட்டப்ப அவ என்ன சொன்னா?"

தங்கச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "அம்மா வேசம் கிடையாதும்மா" என்றார். "வெளியூர்ல இருந்து ஒரு பொம்பள ஆளுக்கு மேல கூட்டியார நமக்குத் தோது இல்ல. அதனால எந்த நாடகத்துலயும் நான் அம்மாவ எழுதுனதே இல்ல."

பஞ்சம்மாள் தரையில் கையை ஊன்றி எழுந்தார்.

"ஒருத்திய எழுதியிருக்கலாமேப்பா" என்றார். "அவ என்ன பதில் சொல்லுதான்னு பாக்க நான் கடைசி வரைக்கும் உக்காந்திருப்பேனே."